டபுள் கினி அடித்த பந்து

"எல்லா கார்டும் இருக்கு டீச்சர். சந்தோசம் மட்டும்தான் இல்ல."

சங்கரநயினார் இதைச் சொல்லிவிட்டு மடியில் இருந்த தடித்த ஆல்பத்தை ஒரு தட்டு தட்டினார்.

ஹெப்சிபா டீச்சர் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை அவர். நாற்பது வயது. பழைய பபிள்கம் கார்டு சேர்க்கிறவர்களுக்கு அவர்தான் குரு. தானாக அப்படி ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் மதுரைக்குத் தெற்கே கார்டுப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒருமுறையாவது அந்தப் பள்ளியின் ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு வந்து, ஸ்கிப்பிங் கயிறுகளுக்கும் இரும்புக் குண்டுகளுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்றைக்கு வந்தவர் அவரைவிட இருபது வயது மூத்தவர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜில்லா முழுக்கச் சங்கிலி போட்டு அளந்த மனிதர்.

பபிள்கம் கார்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் பெட்டிக்கடையில் பபிள்கம் வாங்கினால் கூடவே ஒரு சின்ன அட்டை வரும். முன்பக்கம் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் படம். பின்பக்கம் அவர் எடுத்த ரன், விக்கெட். கம்மை மென்று துப்பிவிடலாம். அட்டையை எப்படித் துப்புவது? சிலர் இன்றுவரை துப்பவில்லை.

"எல்லாம்னா எல்லாமா?" டீச்சர் கேட்டார்.

"ஒண்ணு குறையுது. கீப்பர் டிசோசா. உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாவ."

"இருக்கு."

"அதைத் தந்தீயன்னா செட்டு முடிஞ்சிரும். முடிஞ்சா பழைய சந்தோசம் திரும்பி வரும்."

"வரலன்னா?"

"எல்லாத்தையும் எடைக்குப் போட்டுருவேன். வீட்டுல இடமாவது மிஞ்சும்."

கோபத்தில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் ஆல்பத்தைப் பிடித்திருந்த கை அதை விடவில்லை.

டீச்சர் மெதுவாக அதை வாங்கித் திறந்தார். ஒவ்வொரு கார்டும் பளபளவென்று மின்னியது.

"லேமினேட் பண்ணிருக்கீயளா?"

"பின்ன? ரேஷன் கார்டு, ஜாதகம், சாமி படம், பேரனோட மார்க் ஷீட்டு எல்லாம் பண்ணியாச்சு. இதை விட்டுருவேனா?"

பெருமையாகத்தான் சொன்னார். நம் ஊரில் ஒரு பொருளின் மேல் பிரியம் வந்துவிட்டால் முதல் காரியமாக அதற்கு மூச்சு முட்ட வைத்துவிடுவோம்.

டீச்சர் ஆல்பத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"என்ன தெரியுது சார்?"

சங்கரநயினார் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"டியூப்லைட்டு."

"எடைக்கும் எடுக்க மாட்டாவ. பிளாஸ்டிக் ஒட்டிருக்குன்னு திருப்பித் தந்துருவாவ."

அவர் முகம் செத்துப்போயிற்று.

டீச்சர் எழுந்து அலமாரியில் இருந்து ஒரு செருப்பு அட்டைப் பெட்டியை எடுத்தார். அதிலிருந்து ஒரு கார்டு. உறை இல்லை, ஒன்றும் இல்லை. முனை மழுங்கி, நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அதைச் சங்கரநயினாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது டபுள் கினியில்லா!"

சொன்ன தொனியில் சலிப்பு அப்பட்டமாக இருந்தது. காரணம் உண்டு. கினி என்ற அந்த மட்டையாளர் இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர். ஆனால் எந்தக் கம்மைப் பிரித்தாலும் அவர்தான் வருவார். கையில் ஏற்கெனவே இருக்கிற கார்டே மறுபடி வந்தால் பிள்ளைகள் அதை டபுள் என்பார்கள். கினி எல்லோரிடமும் எப்போதும் டபுள். அதுவே மனிதருக்கு இனிஷியலாகிவிட்டது. மாற்றிக்கொள்ள ஒருவரும் வாங்க மாட்டார்கள். சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் செருகி டர்ர்ர் என்று ஓட்டத்தான் ஆகும்.

"என்கிட்ட கட்டுக் கட்டா கிடந்துச்சு டீச்சர். தூரப் போட்டுட்டேன்."

"படத்துல கினி என்ன செய்யுதாரு?"

"அடிச்சிட்டு நிக்காரு."

"பந்து எங்க?"

"எங்க போயிரும்? இங்கனதான் எங்கயாவது..."

"கண்டுபிடிச்சிட்டு வாங்க. டிசோசாவ எடுத்துட்டுப் போங்க."

அவ்வளவுதானா என்று சங்கரநயினாருக்குத் தோன்றியது. டிசோசாவுக்காக ஊர் ஊராக அலைந்தவருக்கு இது ஒரு வேலையா?

*

வீட்டில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். காப்பி ஆறுவதற்குள் பந்து கிடைத்துவிட்டது. கினியின் வலது தோளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக, உருண்டையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

மறுநாளே பள்ளிக்கு ஓடினார்.

"இந்தா இருக்கு."

டீச்சர் அதைப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். பந்து பெயர்ந்து நகத்தோடு வந்துவிட்டது.

"மோந்து பாருங்க."

சங்கரநயினார் மோந்து பார்த்தார். காய்ந்துபோன பபிள்கம். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதில் ஒரு பொட்டு இனிப்பு வாசம் பாக்கி இருந்தது.

மறுபடி மோந்தார்.

"யாரோ ஒரு புள்ள மென்னது," என்றார்.

"ஆமா."

"அதுக்கு இப்ப என் வயசுல்லா இருக்கும்."

"பந்து எங்க சார்?"

அவர் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். போனதும் தன் ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொரு கார்டாக மூக்கருகே கொண்டுபோனார். பிளாஸ்டிக் வாசம்தான் வந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

*

சர்வேயர் லேசில் விடுவாரா?

போய்ச் சேர முடியாத ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க அங்கே போக வேண்டியதில்லை. தெரிந்த இரண்டு இடங்களில் நின்று பார்த்தால் போதும். இரண்டு பார்வையும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ அங்கே இருக்கிறது அது. ஆறானாலும் மலையானாலும் அவர் அப்படித்தான் அளந்திருக்கிறார். பந்து என்ன பெரிய கொம்பா?

வரைபடத் தாளை விரித்து நடுவில் கார்டை வைத்தார். கினியின் கண்ணிலிருந்து பென்சிலால் ஒரு கோடு. பந்து போட்டவர் திரும்பிப் பார்க்கிறார், அவர் கண்ணிலிருந்து ஒன்று. தூரத்தில் ஒரு பீல்டர், அவரிடமிருந்து ஒன்று. மூன்று கோடும் கார்டைத் தாண்டி வெளியே போய், ஓரிடத்தில் கூடின.

தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"கார்டுக்குள்ள இல்ல டீச்சர். மேல் ஓரத்துக்கு ரெண்டு விரக்கடை மேல இருக்கு."

"யாரு சொன்னா?"

"கினி, பவுலர், ஒரு பீல்டர். மூணு பேரு."

"பின்னால இவ்வளவு பேரு வந்திருக்காவளே. அவங்கள ஒரு வார்த்த கேக்கலயா?"

"பின்னால யாரு?"

டீச்சர் கார்டைக் காட்டினார். கினியின் முதுகுக்குப் பின்னால் பழுப்பும் நீலமுமாக ஏதோ கலங்கலாக இருந்தது.

"அது சுவருல்லா?"

டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்.

*

வீட்டுக்கு வந்ததும் சங்கரநயினார் பூதக்கண்ணாடியை அந்தச் சுவரின் மேல் வைத்தார். புள்ளிகள். மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு. அச்சு மையின் புள்ளிகள்தான், வேறொன்றும் இல்லை.

கண்ணாடியை மெல்ல உயர்த்தினார்.

புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஒரு தலை வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசை. அப்புறம் வரிசைக்கு மேல் வரிசை. சுவர் முழுக்க ஜனம்.



செய்தித்தாளை மடித்துத் தொப்பியாக வைத்திருந்தார் ஒருவர். ஒருவர் டிபன் டப்பாவைத் திறந்து, எடுத்த வாய்ச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைக் காவல் காக்க நின்ற போலீஸ்காரர் கூட்டத்தை மறந்து திரும்பி நின்றார். அப்பா தோளில் ஒரு குழந்தை கையை மேலே நீட்டியிருந்தது.

ஒருவரும் கினியைப் பார்க்கவில்லை. ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் அண்ணாந்திருந்தன.

பென்சிலை எடுத்தார். தொப்பிக்காரர் கண்ணிலிருந்து ஒரு கோடு. போலீஸ்காரரிடமிருந்து ஒன்று. குழந்தையின் விரலிலிருந்து ஒன்று. அவர் அளந்த வாழ்நாளில் இத்தனை சாட்சி ஒரே இடத்தைச் சொன்னதில்லை. ஒரு கோடுகூடத் தப்பவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் மனைவி கோமதி காப்பியோடு வந்து நின்றாள்.

"அப்படி என்னத்தப் பாக்குதீய?"

"கூட்டம்."

"எங்க?"

கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். கோமதி குனிந்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கினாள். காப்பி மேசையில் ஆறியது.

"அய்யய்யோ, அந்தக் கடலைக்காரரப் பாருங்க!"

"எந்தக் கடலைக்காரர்?"

"கடைசி வரிசைல. பொட்டலத்தச் சாய்ச்சுப் பிடிச்சிட்டு மேல பாக்காரு. கடலையெல்லாம் கொட்டுது, அவருக்குத் தெரியல."

அவர் எட்டிப் பார்த்தார். ஆமாம். பொட்டலத்தின் வாயிலிருந்து கடலைகள் சிதறிக்கொண்டிருந்தன. பொட்டலத்துக்கும் தரைக்கும் நடுவில், காற்றில் இருந்தன.

"இன்னும் கீழ விழல," என்றாள் கோமதி.

சங்கரநயினார் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"கடலை. இன்னும் கீழ விழல."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று கோமதி கேட்கவில்லை. அவள் மறுபடி கண்ணாடிக்குள் போய்விட்டாள். ஒரு பெண்ணின் புடவைக் கரையைப் பற்றி ஏதோ சொன்னாள். ஒரு கிழவருக்கு வாயில் பல்லே இல்லை என்றாள். பழைய பெட்டிக்கடை அட்டை ஒன்றைச் சுற்றி இரண்டு பேரும் குனிந்தபடியே இருந்தார்கள். இருட்டியதும் விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்கள்.

*

அடுத்த நாள் சாயங்காலம் டீச்சர் மைதானத்தின் நடுவில் நின்றிருந்தார். பிள்ளைகள் போய்விட்டார்கள். கிளப்பிவிட்ட புழுதி மட்டும் இன்னும் அடங்காமல் இருந்தது.

சங்கரநயினார் வரைபடத் தாளைக் கொண்டுவரவில்லை. ஆல்பமும் இல்லை. சட்டைப் பையில் கினி மட்டும் இருந்தார்.

டீச்சர் டிசோசாவைக் கையிலேயே வைத்திருந்தார். அழகான கார்டு. முனை மழுங்காதது. அதை நீட்டியபடி கேட்டார்.

"பந்து எங்க சார்?"

டிசோசாவை வாங்க அவர் கை நீளவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

மேலே வெறும் வானம். பரந்து கிடந்தது.

சங்கரநயினார் பார்வையை இறக்காமல் ஓரடி பின்னால் போனார். இன்னும் ஓரடி. கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்தார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, விரல்களைச் சேர்த்துக் குவித்தார்.

டீச்சரும் அண்ணாந்தார்.

"கீழ விட்டுராதீய சார்."