இடுக்குப் பாறையில் இரண்டு குடங்கள்

“ஒதுங்கினது நான். செத்தது என் தங்கச்சி மகன். இது எந்த ஊர் நியாயம், தாயி?”

அஞ்சப்பன் இப்படிக் கேட்டுக்கொண்டேதான் மலையேறி வந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள், மூச்சு இரைத்தது.

குகை வாசலில் பிச்சையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் அவளைத் தேடித்தான் பெரிய பெரிய ஆட்களெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள்.

“உக்காருங்கய்யா. எதுக்கு ஒதுங்கினீங்க?”

அவர் சொன்னார்.

வானத்தில் இடம் பிடிக்க நாடுகளும் கம்பெனிகளும் முண்டியடிக்கிற காலம் இது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற கதைதான், வேறொன்றுமில்லை. அஞ்சப்பன் இயக்கிய செயற்கைக்கோள் ஒரு நாட்டுடையது. புயல் வந்தால் கடலில் இருக்கிற படகுகளுக்கு முன்கூட்டியே சொல்லும். எதிரே வந்தது ஒரு தனியார் கம்பெனியுடையது.

இரண்டும் மோதுகிற மாதிரி வந்தன. யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் எரிபொருள் செலவாகும், செயற்கைக்கோளின் ஆயுசு குறையும். அதெல்லாம் கூடப் பரவாயில்லை, கௌரவம் போய்விடுமே!

“அவன் ஒதுங்கட்டும்னு மேலதிகாரிங்க சொல்லிட்டாங்க, தாயி. அந்தப் பக்கத்தோட பேசவும் கூடாதாம். பேசினா பயந்துட்டோம்னு நினைப்பானாம்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“மனசு கேக்கலை. யார்கிட்டயும் சொல்லாம, மெல்ல மேலே தள்ளிவிட்டேன். அப்படியும் மோதிடுச்சு. நான் தள்ளினது பத்தலை. அந்தப் பாவி கொஞ்சம் நகர்ந்திருந்தா...”



அடுத்து வந்த புயலைச் சொல்ல மேலே எதுவும் இல்லை. படகுகள் போயின. அதில் ஒன்றில் போன தங்கச்சி மகன் இளவழகன் திரும்பவில்லை. அந்த உயரம் முழுக்க இப்போது உடைசல்தான் சுற்றுகிறது, வேறொன்றை அனுப்பவும் வழியில்லை.

“தங்கச்சி என் முகத்துல முழிக்க மாட்டேங்கறா.”

“அந்தப் பாவி கையில கிடைச்சா?”

“கழுத்தை நெரிச்சிடுவேன்.”

பிச்சையம்மாள் ஒரு மண்குடத்தை எடுத்து நீட்டினாள்.

“கீரை அலசத் தண்ணி வேணும். இடுக்குப் பாறைக்கு அந்தப் பக்கம் சுனை இருக்கு. உள்ளே நுழையறப்ப ‘வர்றேன்’னு குரல் குடுத்துட்டுப் போங்க. இந்த மலையில அதுதான் வழக்கம்.”

இரண்டு பாறைகளுக்கு நடுவே கும்மிருட்டு. உடம்பை ஒருக்களித்தால்தான் இரண்டு பேர் கடக்க முடியும்.

அஞ்சப்பன் வாயைத் திறந்தார். யாரைக் கூப்பிடுவது? இந்த அத்துவானத்தில் ஒரு காக்கை குருவி கூட இல்லையே! வாயை மூடிக்கொண்டு நுழைந்தார்.

பாதி வழியில் எதிரே காலடிச் சத்தம். சட்டென்று ஓரமாக ஒதுங்கினார். வந்த ஆளும் அதே ஓரத்துக்கு ஒதுங்கியது.

இரண்டு குடமும் சுக்குநூறாயின. தண்ணீர் காலெல்லாம் நனைத்தது.

“அடச்சே! வர்றதா இருந்தா குரல் குடுக்கறதுக்கென்ன?”

“நீங்க குடுத்தீங்களா?”

பெண் குரல். அழுது அழுது கம்மிப்போயிருந்தது.

“யாரும்மா நீ?”

“தாரிணி. நேத்துதான் வந்தேன். செயற்கைக்கோள் கம்பெனியில வேலை பார்த்தேன். ஒரு மோதல் ஆச்சு. படகுக்குச் செய்தி சொல்ற செயற்கைக்கோள் அது, நொறுங்கிப்போச்சு. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை.”

அஞ்சப்பனின் கைகள் தானாக எழுந்தன.

“நீயா? நகராம நின்னது நீதானா?”

“ஐயோ, நகர்த்தினேங்க! வேலை போனாலும் போகட்டும்னு திருட்டுத்தனமா நகர்த்தினேன். எதிர்ல இருந்த மனுஷன்தான் அசையவே இல்லை.”

எழுந்த கைகள் அந்தரத்திலேயே நின்றன.

“எந்தப் பக்கம் நகர்த்தினே?”

“மேலே.”

அஞ்சப்பன் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அந்தக் குரல் குகை வாசல் வரைக்கும் கேட்டது.