காந்தத்தில் முளைத்த தாடி

செவந்தி சுவரில் வண்டி ஓட்டுகிறவள்.

தரையில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். அவள் ஓட்டுவது மரணக் கிணற்றின் உள்சுவரில். பலகைகளை வட்டமாக நட்டு, இரும்புக் கயிறு போட்டு இறுக்கிய கிணறு. தண்ணீர் கிடையாது. மேலே விளிம்பைச் சுற்றி ஜனம் நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். அடியில் கிளம்புகிற மோட்டார் சைக்கிள் சரிவுப் பலகையில் ஒரு வட்டம் அடித்து, அடுத்த மூச்சில் செங்குத்துச் சுவரில் ஏறிவிடும். அப்புறம் அவள் படுத்த வாக்கில் பறப்பாள். கிணறே கிடுகிடுவென்று ஆடும். விளிம்புக்கு மேலே ஏதாவது ஒரு குழந்தை பலூனை நீட்டினால், இரண்டு கையையும் விட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டு போவாள். சுற்றி வந்து திருப்பிக் கொடுப்பாள். கைதட்ட வந்த ஊர் கைதட்ட மறந்து நிற்கும்.

அவளுக்கு ஒரு சிஷ்யன். பெயர் பரஞ்சோதி. வயதில் அவன்தான் மூத்தவன். அவன் அவளை மாஸ்டர் என்பான், அவள் அவனை அண்ணே என்பாள்.

கிணற்று வாசலில் மைக் பிடிப்பது அவன் பிழைப்பு. கண்டக்டர், மாட்டுத் தரகர், மூக்கடைத்த இன்ஸ்பெக்டர், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை, எல்லாரும் அவன் தொண்டைக்குள் குடியிருந்தார்கள். "படியில தொங்காதீங்கய்யா, கெணத்துக்குள்ள எடம் காலியா கெடக்கு" என்று அவன் ஆரம்பித்தால், கூட்டத்தில் நிற்கிற நிஜக் கண்டக்டரே விசிலைத் தேடுவார்.

வெளியே நின்று கூவிக் கூவி அவனுக்கு உள்ளே ஏறும் ஆசை வந்துவிட்டது. சரிவுப் பலகை வரை கற்றாயிற்று. செங்குத்தில் ஏறுவது தொட்டியம் தேர்த் திருவிழாவில் என்று முடிவாயிற்று. அதை மைக்கில் ஊருக்கே சொல்லியும் விட்டான். இனி பின்வாங்க வழியில்லை.

ஏற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் மாஸ்டரிடம் போய் நின்றான்.

"ஒண்ணு கேக்கணும் மாஸ்டர்."

"கேளுங்கண்ணே."

"பயம் எப்பப் போவும்?"

"ஆயில இறக்குங்க" என்றாள் செவந்தி.

தினமும் முதல் ஆட்டத்துக்கு முன்னால் நடக்கிற வேலைதான் அது. பரஞ்சோதி எஞ்சினுக்கு அடியில் சட்டியை வைத்து, துளையை அடைத்திருந்த ஆயில் நட்டைக் கழற்றினான். கறுப்பாக இறங்கியது. நட்டின் நுனியில் ஒரு சின்னக் காந்தம் பதித்திருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் ஈரத் தாடி முளைத்திருந்தது. செவந்தி அதைக் கொஞ்சம் வழித்து, மாவின் பதம் பார்ப்பதுபோல விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள்.

"என்னண்ணே இது?"

"இரும்புத் தூளு. உள்ள தேஞ்சது."

"செதிலா இருந்தா உள்ள ஏதோ ஒடையுது, வண்டிய எடுக்க மாட்டேன். பொடியா இருந்தா ஏறுவேன்."

"பொடியே இல்லாத நாளு?"

செவந்தி சிரித்தாள். டீ குடிக்கப் போய்விட்டாள்.

பரஞ்சோதிக்கு அந்தச் சிரிப்பே பதிலாகப் பட்டது. பொடியே இல்லாத நாள்தான் பொன்னான நாள் என்று எடுத்துக்கொண்டான். துணியால் துடைத்தான். தாடி இந்தப் பக்கம் துடைத்தால் அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று பக்கத்துப் பஜ்ஜிக் கடைக்குப் போனான். நட்டை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினான். பிசுக்கெல்லாம் புகைந்து போயிற்று. நட்டு சிவந்தது. ஆறவைத்துத் தட்டினான். தூள் மொத்தமும் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"நாளைக்குச் செவுத்துல ஏறுறியாமே, பயமா இல்ல?" என்று கேட்டார் பஜ்ஜிக் கடைக்காரர்.

"நம்ம வீட்ல அந்தச் சரக்கே வாங்குறதில்லண்ணே" என்றான் பரஞ்சோதி, செவந்தியின் குரலில். கடைக்காரர் திரும்பி மாஸ்டரைத் தேடினார்.

நன்றாக இருந்தது. அன்று பூராவும் அந்தக் குரலிலேயே திரிந்தான். ராட்டினக்காரன் கேட்டபோதும் அதே குரல், பஞ்சு மிட்டாய்க்காரன் கேட்டபோதும் அதே குரல். சாயந்திரம் ஆகும்போது பயத்தைக் காணவே காணோம். காலையிலேயே நட்டை மாட்டி, ஆயிலை ஊற்றி வைத்ததும் அவன்தான். அந்த வண்டியில்தான் அன்றைய ஆட்டமெல்லாம் மாஸ்டர் ஆடினாள்.

மறுநாள் காலை. பரஞ்சோதி புதுச்சட்டை போட்டிருந்தான். மேலே விளிம்பில் இடமில்லை. கிணற்றின் அடியில் உட்கார்ந்து நட்டைக் கழற்றினான். பார்த்தான். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, விபூதித் தட்டைப்போல மாஸ்டரிடம் நீட்டினான்.

"பாருங்க மாஸ்டர். ஒரு பொட்டுத் தூளு இல்ல."

செவந்தி வாங்கிப் பார்த்தாள். காந்தம் பளிச்சென்று இருந்தது.

"பயம்?"

"அதுவும் இல்லண்ணே" என்றான் அவள் குரலிலேயே. மேலே ஜனம் சிரித்தது.

செவந்தி சிரிக்கவில்லை. கீழே கிடந்த ஒரு ஆணியை எடுத்துக் காந்தத்தில் வைத்தாள். விழுந்தது. எடுத்துத் திரும்ப வைத்தாள். விழுந்தது.

"அடுப்புல காட்டினீங்களா?"

"சுத்தமாவட்டும்னு."

"சுத்தமாத்தான் இருக்கு. சூட்டுல காந்தமும் செத்துப்போச்சு. அந்தக் கிழிஞ்ச ஸ்பீக்கர்ல இருக்குற காந்தத்தக் கழட்டிட்டு வாங்க."

கொண்டுவந்தான். அதை ஒரு கம்பியில் கட்டி, சட்டியில் இறக்கிய ஆயிலுக்குள் விட்டாள் செவந்தி. தூங்குகிற குழந்தையின் தொட்டிலை ஆட்டுவதுபோல மெதுவாகச் சுற்றினாள். தூக்கினாள்.

மேலே சிரித்துக்கொண்டிருந்தவர்கள் விளிம்பில் குனிந்தார்கள். காந்தத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் கறுப்பாய் ஒரு தாடி, சொட்டச் சொட்டத் தொங்கியது. வெயில் பட்டதும் மயிர் மயிராகச் சிலிர்த்து மின்னியது. பரஞ்சோதி தன்னையறியாமல் ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"நேத்து பூரா இது எங்க இருந்துச்சுண்ணே?"

"ஆயில்ல."

"ஆயில் எங்க இருந்துச்சு?"

நேற்று உச்சி விளிம்பில் அவள் இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பலூன் வாங்கியது பரஞ்சோதியின் கண்ணுக்குள் வந்தது. அவள் காலுக்கடியில், எஞ்சினுக்குள், இத்தனை தூளும் பாயாத இடமில்லை. எங்காவது இறுகி, எஞ்சின் ஒரு கண்சிமிட்டும் நேரம் நின்றிருந்தால் போதும். கண்டக்டரும் தரகரும் இன்ஸ்பெக்டரும் அவனை விட்டுவிட்டு எங்கோ ஓடிப்போனார்கள்.

செவந்தி திட்டவில்லை. தாடியை வழித்து, விரலில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். செதில் இல்லை. எல்லாம் பொடிதான். பழைய ஆயிலைக் கொட்டினாள். புது ஆயிலை ஊற்றி எஞ்சினைக் கழுவி, அதையும் கொட்டினாள். ஓரமாக நிறுத்தியிருந்த இன்னொரு வண்டியின் நட்டைக் கழற்றி, ஆணியை ஒட்டிப் பார்த்து, மாட்டினாள். திரும்பவும் புது ஆயில் ஊற்றினாள். பிறகு அவளே ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி சரிவைத் தாண்டி, செங்குத்தில் ஏறி, விளிம்பு வரை போயிற்று. கையை விடவில்லை, வேடிக்கை எதுவும் காட்டவில்லை. காதை மட்டும் எஞ்சின் பக்கம் சாய்த்தபடி சுற்றினாள், யாரோ ரகசியம் சொல்லக் கேட்பதுபோல. பலகைகள் உறுமின. பரஞ்சோதி அவளை எத்தனையோ முறை மைக்கில் வருணித்தவன். அன்று அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

இறங்கி வந்து வண்டியை அவன் பக்கம் சாய்த்தாள்.

"வண்டி நல்லாருக்கு."

அவன் கைப்பிடியைப் பிடித்தான். அவள் குரலைத் தேடினான். கிடைக்கவில்லை. வந்தது கீச்சென்று ஒரு குரல். அவனுடையதுதான். அவனே அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"மாஸ்டர், முழங்காலு வெடவெடங்குது."

"ம்."

"கையும்தான். இடது கை ரொம்ப."

"வேற?"

"அடிவயித்துல என்னமோ பெசையுது. நாக்கு ஒட்டிக்கிச்சு."

செவந்தி கையில் இருந்த ஆயிலைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"பயம் எங்கெங்க இருக்குன்னு இப்பத் தெரியுதுல்ல. ஏறுங்கண்ணே."