பந்தல்காரர்கள் பேங்க் மாறிய கதை

ஆலடிப்புதூரில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் தளவாய், நடுவில் கொம்பையா, கடைசி நம்பிராசன். மூவருக்கும் சேர்த்து ஒரே வீடு, ஒரே வீட்டுக்கடன். மூளையும் ஒன்றுதான். அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தினமும் தகராறு.

கடன் வாங்கியது வளர்பிறை வங்கியில். பேருக்கேற்றபடி வட்டி வளர்ந்துகொண்டே போனது. தளவாயின் மனைவி வடிவு ஒருநாள் காலையில் காபியை நங்கென்று வைத்தாள்.

"இந்தத் தவணைக்கு என் கம்மல் போச்சு. அடுத்த தவணைக்கு உங்க பந்தலைத்தான் விக்கணும்."

பந்தல் போனால் பிழைப்பே போச்சு. மூவரும் பயந்துவிட்டார்கள்.

பஜாரில் புதிதாகத் திறந்த பொற்கதிர் வங்கியில் வட்டி குறைவு என்றார்கள். போய்க் கேட்டார்கள். அங்கே மேனேஜர் அமுதவல்லி என்ற பெண்மணி. சிரித்த முகம்.

"ரொம்பச் சுலபம் அண்ணாச்சி. கடனை இங்க மாத்திக்கிடலாம். பழைய பேங்குல ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்குங்க. மூலப் பத்திரத்துல ஒரு நகல் குடுங்க. ஆனா இந்த வட்டி மாசக் கடைசி வரைக்கும்தான்."

வெளியே வந்ததும் கொம்பையா நெற்றியைச் சுருக்கினான்.

"அண்ணே, வீட்டுக்கடனுக்கும் மூலத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏலே, கடன் வாங்குனவன் பேங்கு பெஞ்சுல எத்தனை வருசம் உக்காந்திருக்கான்? மூலம் வராம என்ன செய்யும்? அதுக்குத்தான் சர்டிபிகேட் கேக்காவ."

இதில் இருந்த நியாயத்தை மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று போர்டு போட்ட டாக்டரிடம் நேராகப் போனார்கள். டாக்டர் தளவாயைப் படுக்க வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே."

தளவாயின் முகம் வாடிப்போனது. "நல்லாப் பாருங்க டாக்டர். எங்க வீடே அதை நம்பித்தான் இருக்கு."

"அண்ணனுக்கு இல்லாட்டி எங்களுக்குப் பாருங்க" என்று நம்பிராசன் வேட்டியைத் தளர்த்தினான். "மூணு பேரும் சேர்ந்து வாங்குன கடன்தான்."

டாக்டர் மூவரையும் பார்த்தார். 'மேற்படி மூவருக்கும் மூலம் இல்லை' என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அமுதவல்லி அதை வாங்கி வாசித்துவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு, வீட்டின் பழைய பத்திரத்தைத்தான் கேட்டதாகவும், அது வளர்பிறை வங்கியில் இருப்பதாகவும், முதலில் அங்கே போன் செய்யும்படியும் நிதானமாகச் சொன்னார்.

வீட்டு வாசலில் நின்று தளவாய் போன் போட்டார். தேன் போன்ற ஒரு குரல் பேசியது. "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது. தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்."

"லைன்ல நிக்கச் சொல்லுதாவ."

மூவரும் வரிசையாக நின்றார்கள். போனில் நாதசுரம் ஒலித்தது. அரை மணி நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் ஒரு பையோடு வந்து நம்பிராசன் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மச்சினர். பதினோரு மணிக்கு வரிசை தெருமுக்கையும் தாண்டிவிட்டது.

"என்ன குடுக்காவ?" என்று கடைசியில் நின்ற அம்மாள் கேட்டாள்.

"தெரியலை. முன்னால ஒருத்தர் போன்ல கேட்டுக்கிட்டு இருக்காரு."

பன்னிரண்டு மணிக்கு லைன் கட்டானது. அன்றைக்கு அந்தத் தெருவில் தளவாய் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை.

மறுநாள் நேரிலேயே போனார்கள். வளர்பிறை வங்கி மேனேஜர் சிதம்பரநாதன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசுகிறவர்.

"பேங்க் மாறணுமா? எழுத்து மூலமாக் குடுங்க."

தளவாய் திடுக்கிட்டார். "மறுபடியும் மூலமா! எங்க யாருக்கும் அது இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு சார்."

சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினார். மேனேஜர் முதல்முறையாகக் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுத்தார்.

ஒருவழியாக மனு எழுதியாயிற்று. கவுண்டரில் இருந்தவர் தளவாயின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பொருந்தலையே. பத்து வருசத்துக்கு முன்னாடி போட்ட மாதிரியே போடுங்க. அப்பதான் எடுத்துக்குவோம்."

மூவரும் ஓரமாக நின்று ஆலோசித்தார்கள்.

"அன்னைக்கு எப்படிண்ணே போட்டிய?"

"நல்ல மழைலே. தொப்பலா நனைஞ்சு வந்துதான் போட்டேன். கை கிடுகிடுன்னு நடுங்குச்சு."

நம்பிராசன் பக்கத்து டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கிவந்தான். ஐஸ் இருக்கிறதா என்றும் கேட்டு, கொஞ்சம் போட்டுக்கொண்டான். கவுண்டர் முன்னால் நாற்காலி மேல் ஏறி நின்று, அண்ணன் தலையில் அப்படியே கவிழ்த்தான். தளவாய் கிடுகிடுவென்று நடுங்கியபடி கையெழுத்துப் போட்டார். அச்சு அசலாகப் பொருந்திவிட்டது! கவுண்டரில் இருந்த ஃபைல்கள்தான் வெயிலில் காயப் போகவேண்டியதாயிற்று.

சிதம்பரநாதன் பல்லைக் கடித்தார். "சரி, மனு வந்தாச்சு. பதினைஞ்சு வேலை நாள் காத்திருங்க."

மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. தளவாய்க்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் சொன்னால் சொன்னதுதானே? காத்திருப்பது என்று முடிவாயிற்று. எங்கே காத்திருப்பது என்பதில்தான் விவாதம்.

"வீட்டுல இருந்தா அது சும்மா இருக்கிறதுண்ணே. காத்திருக்கிறதுன்னா அங்க போய் இருக்கணும்" என்றான் கொம்பையா. அன்றைக்கு மூளை அவனிடம் இருந்தது.

மறுநாள் காலையில் வங்கி வாசலில் பந்தல் எழும்பியது. கீழே ஐம்பது நாற்காலி. "மூணு பேருக்கு எதுக்குலே ஐம்பது?" என்று தளவாய் கேட்டதற்கு, "பதினைஞ்சு நாளும் ஒரே நாற்காலியில உக்காந்தா அந்தச் சர்டிபிகேட் பொய்யாயிரும்ணே" என்றான் நம்பிராசன். நடுவில், முகம் தொங்கிப்போய், மூவரும் உட்கார்ந்தார்கள்.

பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? வாசலில் பந்தல். வரிசையாக நாற்காலி. துண்டால் கண்ணைத் துடைக்கும் மூன்று பேர். மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. பத்தரை மணிக்கு முதல் மாலை வந்தது. பதினொன்றுக்குச் சங்கு ஊதுகிறவர் வந்து அட்வான்ஸ் கேட்டார். மத்தியானம் ஒரு கார் வந்து நின்றது. வங்கியின் வட்டார அதிகாரி, கையில் ரோஜா மாலையோடு, கலங்கிய கண்ணோடு இறங்கினார்.

தளவாய் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப ஆச்சு?" என்று தழுதழுத்தார் அதிகாரி.

"எங்க சார் ஆச்சு? இன்னும் பதினாலு நாள் ஆகுமாம்."

"அதெப்படி முன்கூட்டியே...?"

"மேனேஜரே அவர் வாயால சொன்னாரு சார்."

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டு டப்பாவோடு சிதம்பரநாதன் வெளியே வந்தார். அதிகாரி கையிலிருந்த மாலை நழுவி விழுந்தது. "ஐயோ சார், நான் உயிரோடதான் இருக்கேன்!" என்று அவர் அலறியதில் சங்குக்காரர்தான் மிகவும் மனமுடைந்து போனார்.

விஷயம் முழுக்கத் தெரிந்ததும் அதிகாரியின் முகம் சிவந்தது. "ஒரு லெட்டருக்காய்யா இத்தனை இழுத்தடிப்பு?" என்றார். கடிதம் அந்த இடத்திலேயே டைப் ஆனது. பத்திரத்தின் நகலும் வந்தது. சிதம்பரநாதன் தானே பந்தல் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் கடன் பொற்கதிர் வங்கிக்கு மாறியது. தவணை கணிசமாகக் குறைந்தது. அமுதவல்லி மூவருக்கும் லட்டு கொடுத்துக் கைகூப்பினார்.

"ரொம்பச் சந்தோஷம் அண்ணாச்சி. இன்னையிலிருந்து நீங்களும் எங்க பேங்க் குடும்பத்துல ஒருத்தர்."

மூவரும் நெகிழ்ந்துபோய் வீடு திரும்பினார்கள்.

திங்கட்கிழமை காலை வங்கி திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றார்கள். குளித்து, புது வேட்டி கட்டி, கூடவே அளவுச் சங்கிலியோடு ஒரு சர்வேயர்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றார் அமுதவல்லி.

"ஒரே குடும்பம்னு ஆயாச்சு. நாளைப்பின்ன நமக்குள்ள மனஸ்தாபம் வந்துரக் கூடாது பாரும்மா" என்றார் தளவாய். "அதான் இப்பவே பாகம் பிரிச்சுக்கிடலாம்னு வந்தோம்."

அமுதவல்லி மறுபடியும் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். தளவாய் அவரைத் தேற்றினார்.

"பயப்படாத தங்கச்சி, நாங்க பேராசை பிடிச்சவங்க இல்லை. அந்த இரும்புக் கதவு போட்ட ரூமை நீயே வச்சுக்க. அதுல காத்தே வராது. எங்களுக்கு வாசல்ல ஏசி போட்ட அந்தக் கண்ணாடி ரூம் போதும். உள்ள ஒரு பெட்டி நிக்குது பாரு, நம்பர் அமுக்குனா ரூபா நோட்டாத் துப்பிக்கிட்டே இருக்கு. அதை மட்டும் தூக்கி வெளிய போட்டுரு. பாய் விரிக்க இடைஞ்சலா இருக்கு."