ஒத்தைத் தோணிக்கு இரண்டு ஆள்

"அம்மணி, இந்தக் கோபத்தை அடக்க ஒரு வழி சொல்லுங்க," என்றார் சென்னியப்பன்.

"எந்தக் கோபத்தை?"

"அந்த விளையாட்டுக் கம்பெனி மேல இருக்கிறதைத்தானுங்க."

"அடங்கிட்டா என்ன செய்வீங்க?"

"நிம்மதியாத் தூங்குவேன்."

"கம்பெனிக்காரன் இப்பவே நிம்மதியாத்தான் தூங்கறான். நீங்களும் தூங்கிட்டா அவனை எழுப்பறது யாரு?" என்றாள் குரு ஒண்டியம்மை.

சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டார். கோபம் மூடிக்கொள்ளவில்லை.

இது நடந்தது ஊமைமலையில். அந்த மலைக்கு செல்போன் அலை ஏறி வரும். பாதி வழியில் மூச்சு வாங்கித் திரும்பிப் போய்விடும். உச்சியில் புல்கூட முளைக்காத மொட்டைப் பாறை. அதன் நடுவில் தனியாட்ட மடம். ஒரே ஆளாக ஆடும் ஆட்டங்களுக்கென்று இருக்கிற மடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அறைக்கு ஓர் ஆள். வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

ஒண்டியம்மைக்கு முப்பது வயது. ஒருமுறை தன்னோடு தானே சதுரங்கம் ஆடினாள். இரண்டு பக்கமும் தோற்றாள். ஒரு வாரம் தன்னோடு பேசவில்லை. நேரில் பார்த்தவர்கள் சொன்னது. வேடிக்கை பார்க்க அனுமதி இல்லையே, எப்படிப் பார்த்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சென்னியப்பனுக்கு அறுபது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முழங்கைக்கும் அடுத்தவர் அக்குளுக்கும் நடுவில் நின்றவர். மனுஷ வாடையே இல்லாத ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அந்த இடம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்தது. பேர் 'ஒத்தைத் தோணி.' ஒரு ஆள், ஒரு தோணி, மீதி கடல். எதிரி கிடையாது, கூட்டாளி கிடையாது. துடுப்புப் போட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், கிழிந்த பாயைத் தைக்க வேண்டும். எங்கோ ஒரு கரை இருக்கிறது. எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கினார். இரண்டு வருஷமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கம்பெனிக்கு ஒரு சந்தேகம். நடுக்கடலில் இருக்கிறவர் சென்னியப்பன்தானா? அடிக்கடி இன்டர்நெட் வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இன்டர்நெட் இல்லாவிட்டால் அலை அந்தரத்தில் அப்படியே நிற்கும். திரையில் எழுத்து வரும்: 'இணைப்பு இல்லை. நீங்கள் யார் என்று உறுதி செய்ய முடியவில்லை.'

நான் யார் என்று கேட்டுக்கொண்டு மலை ஏறியவர்கள் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கம்பெனி டீ ஆறுவதற்குள் பதில் கேட்டது.

பதில் போகவில்லையென்றால், காலையில் புறப்பட்ட இடத்துக்கே தோணியைக் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஊமைமலையில் சிக்னல் கிடைப்பது மடத்துக்கு மேலே துருத்தி நிற்கும் கழுகுப்பாறை உச்சியில் மட்டும். அதனால் சென்னியப்பன் துடுப்பைத் தொட வேண்டுமென்றால், பக்கத்து அறை பொங்கியண்ணன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை மேல் நிற்க வேண்டும். பொங்கியண்ணன் தனியாகச் சீட்டு ஆடுகிறவர். பாறை மேலேயே சீட்டைப் பரப்பிப் பார்த்தார். அடித்த காற்றில் ராணிகள் நாலு பேரும் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவர் தும்மினால் கை ஆடும். கை ஆடினால் சிக்னல் போகும். சிக்னல் போனால் கடல் நிற்கும்.

"ஒத்தை ஆள் ஆட்டத்துக்கு ரெண்டு ஆள் வேணுங்களாமா, அம்மணி. இது எந்த ஊரு நியாயம்?"

"திருட்டுத்தனமா யாரும் ஆடிரக்கூடாதுன்னு பூட்டுப் போட்டிருப்பாங்க," என்றாள் ஒண்டியம்மை.

"திருடனா? அடிவாரத்துல சலூன் வெச்சிருக்கிற தண்டபாணி திருட்டுக் காப்பி போட்டிருக்கானுங்க. பூட்டை எவனோ உடைச்சுக் கொடுத்துட்டான். நெட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போன மாசமே கரை ஏறிட்டான். நான் பாறை மேல இருக்கிறப்பப் போனைப் போட்டு, கரையில என்ன இருக்குன்னு சொல்லட்டுங்களான்னு கேட்கறான். திருடன் காலை நீட்டிக்கிட்டு ஆடறான். காசு கொடுத்தவன் பாறை மேல ஆள் நிறுத்தறேன்."

"சொன்னானா?"

"என்னத்தை?"

"கரையில என்ன இருக்குன்னு."

"போனை வெச்சுப்போட்டேன். அதை நான்தானுங்களே பார்க்கணும்."

ஒண்டியம்மை தலையாட்டினாள்.

"நேத்து என் பாய்மரத்துல ஒரு பறவை வந்து உட்கார்ந்துச்சுங்க," என்றார் சென்னியப்பன். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு வருஷத்துல முதல் பறவை. பறவை வந்தா கரை பக்கத்துலன்னு அர்த்தம். நான் அதையே பார்த்துக்கிட்டிருக்கேன், திரையில ஒரு அறிவிப்பு வருது. வெள்ளிக்கிழமையோட சர்வரை அணைக்கறாங்களாம். அதுக்கப்புறம் யாருக்கும் கடலே கிடையாதாம். ஆட்டம் என் கம்ப்யூட்டர்ல இருக்குது. கடல் என்கிட்ட இருக்குது. கேள்வி கேட்கிற ஆளு மட்டும்தான் அங்க இருக்கான். அவன் கடையைச் சாத்துனா என் கடல் ஏனுங்க வத்தணும்?"

இன்று புதன்.

"பாறை மேல ஏறிப் போன்ல கத்துனேன். நேர்ல விளக்கம் சொல்ல ஒரு ஆபீசரை அனுப்பறாங்களாம். ஏறிக்கிட்டிருக்கான். அவன் கழுத்தை நெரிச்சுப்போடுவேன்னு பயமா இருக்குது. அதுக்குத்தான் வழி கேட்டேன்."

"கழுத்தெல்லாம் வேண்டாங்ணா. மடத்துக்கு வர்ற விருந்தாளி. கம்பெனி உங்களை எப்படிக் கவனிச்சுதோ, அப்படியே அவரைக் கவனிங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

சென்னியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் தலையாட்டி வைத்தார்.

ஆபீசர் பேர் கிருபாநிதி. வியர்வையில் சட்டை நிறம் மாறி வந்து சேர்ந்தார். தோளில் லேப்டாப் பை. ஒண்டியம்மையே எழுந்துபோய் மோர் கொண்டுவந்தாள். ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு. அதற்கு மேல் இன்னொன்று.

"போதும் மேடம்."

"குடிங்க. ஆரம்பத்துல எல்லாம் தாராளம்தான்."

கிருபாநிதி வாயைத் துடைத்துக்கொண்டார். "சார், உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது."

"புரிஞ்சா பூட்டை எடுங்க."

"அது பாதுகாப்புக்காக சார்."

"யாருக்குப் பாதுகாப்பு? நடுக்கடல்ல நான் ஒருத்தன். என்கிட்டயிருந்து என்னைக் காப்பாத்தறீங்களா?"

"சர்வர் செலவு கட்டுப்படியாகலை சார். ஆனா ஒரு நல்ல செய்தி. 'ஒத்தைத் தோணி' இரண்டாம் பாகம் வருது. பழைய வாடிக்கையாளர்களுக்குப் பாதி விலை."

"அதுக்கும் நெட் வேணுமா?"

"இன்னும் வேகமான நெட் வேணும் சார்."

சென்னியப்பனின் காது மடல் சிவந்தது. அதில் ஒரு தோசை வார்த்திருக்கலாம்.

"நான் வாங்குன பொருளுய்யா அது."

"நீங்க வாங்கினது விளையாட்டு இல்லை சார். விளையாடறதுக்கான அனுமதி. நிபந்தனைகள்ல தெளிவா இருக்கு. நீங்களே படிச்சு, சம்மதம்னு அமுக்கியிருக்கீங்க."

"அதை எவன்யா படிச்சான்?"

"அது எங்க தப்பு இல்லையே சார்."

சென்னியப்பனின் கை எழுந்தது. ஒண்டியம்மை பார்த்தாள். எழுந்த கை எங்கே போவதென்று தெரியாமல் அவருடைய தலையையே சொறிந்துவிட்டு இறங்கியது.

கிருபாநிதி காலை மாற்றிப் போட்டார். பிறகு மறுபடி மாற்றிப் போட்டார்.

"சார், இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

மடத்துக்குப் பின்னால் இருந்தது. ஒரே ஆள் நிற்கிற அளவு. கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. அந்த மடத்தில் அதற்குத் தேவை வந்ததில்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை. ஒதுங்க ஒரு செடி இல்லை.

கிருபாநிதி வேகமாக நடந்தார். பாதி தூரத்தில் சென்னியப்பன் அவரை முந்திக்கொண்டு ஓடினார். ஓடும்போதே முகம் மலர்ந்தது. இப்போது புரிந்துவிட்டது.

கதவை மறித்து நின்றார்.

"நீங்க யாரு?"

"என்ன சார், இப்பத்தானே பேசிக்கிட்டிருந்தோம். கிருபாநிதி."

"உறுதி செய்யணும். நில்லுங்க." சென்னியப்பன் பொங்கியண்ணன் நின்றிருந்த கழுகுப்பாறையைப் பார்த்துக் கைகளைக் குவித்தார். "பொங்கியண்ணா. கீழே ஒருத்தரு நிக்கறாரு. கிருபாநிதிங்கறாரு. அவரேதானா?"

குரல் பாறையில் ஏறியது. நிதானமாகத்தான் ஏறியது.

"அவருக்கு என்னை எப்படித் தெரியும் சார்?"

"உங்க கம்பெனிக்கு என்னை எப்படித் தெரியும்?"

"சார், அவசரம்."

"எனக்கும் ரெண்டு வருஷமா அவசரம்தான்."

உச்சியிலிருந்து பதில் இறங்கி வந்தது. "யாரு?"

"கிருபாநிதி."

"எந்தக் கிருபாநிதி?"

கிருபாநிதி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார்.

"கம்பெனிக்காரரு."

"சரி, விடு."

கதவு திறந்தது. கிருபாநிதி உள்ளே பாய்ந்தார். பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பாறை மேல் பொங்கியண்ணன் ஒரு தும்மல் போட்டார்.

சென்னியப்பன் கதவைத் திறந்தார்.

"வெளிய வாங்க சார். இணைப்பு போயிருச்சு."

"சார், இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

"நீங்க யாருன்னு உறுதி செய்ய முடியலை. முதல்ல நின்ன இடத்துக்குப் போங்க. அங்கிருந்து திரும்ப வரணும்."

"உள்ளே போறவன் நான் ஒருத்தன்," என்றார் கிருபாநிதி. பெல்ட்டைப் பிடித்தபடியே வெளியே வந்தார். "எனக்கும் அந்தக் குழிக்கும் நடுவுல அந்த ஆளுக்கு என்ன சார் வேலை? மோர் கொடுத்தீங்க, குடிச்சேன். இப்ப இது என் வயிறு, என் அவஸ்தை. இதுல அவன் யாரு?"

சொல்லி முடித்ததும் அவருக்கே அது காதில் விழுந்தது.

ஒண்டியம்மை கொஞ்சம் தள்ளி ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க குடிச்சது மோர் இல்லைங்க," என்றார் சென்னியப்பன். "மோர் குடிக்கறதுக்கான அனுமதி. இறக்கி வைக்கற அனுமதி தனி."

கிருபாநிதி தரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சார், ஒண்ணு சொல்றேன். என் லேப்டாப்புல ஒரு சின்ன ஃபைல் இருக்கு. அதைப் போட்டுட்டா ஆட்டம் நெட்டே கேட்காது. சர்வர் இருந்தாலும் இல்லாட்டியும் ஓடும். ஆபீஸ்ல நாங்க ஆடறது அதைப் போட்டுத்தான்."

"நீங்க ஆடறப்ப உங்களை யாரும் கேட்கறதில்லையா?"

"அது ரொம்பத் தொந்தரவு சார்."

சென்னியப்பன் மூச்சை உள்ளே இழுத்தார். நாலு பேருக்கான காற்று உள்ளே போனது.

"பூட்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு, அந்த ஃபைல் செய்ய?"

"ஒரு வரிதான் சார் மாத்தினது." கிருபாநிதி முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டார். "உங்களுக்கு மட்டும் போட்டுத் தர்றேன். இப்பவே. வெளியில சொல்லக்கூடாது. நீங்க சாயங்காலத்துக்குள்ள கரை ஏறிடலாம்."

பறவை எந்தத் திசையில் எழுந்து பறந்ததென்று சென்னியப்பனுக்கு நன்றாக நினைவிருந்தது. பாய் தைத்தாகிவிட்டது. காற்றும் அந்தப் பக்கம்தான்.

கதவிலிருந்து அவருடைய கை மெல்ல நழுவியது. கிருபாநிதி ஓரடி முன்னால் வைத்தார்.

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு?" என்றார் சென்னியப்பன்.

"இந்த மலையில நீங்க ஒருத்தர்தான் சார்."

"கடல்ல?"

"கடல்ல நிறையப் பேர் இருக்காங்க சார். ஆளுக்கொரு கடல்."

"அவங்களுக்கும் பறவை வந்திருக்கும்ல?"

கிருபாநிதி முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"அந்த ஃபைலை எல்லாருக்கும் கொடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"அதை நான் முடிவு பண்ண முடியாது சார். மேல கேட்கணும். அவங்க இன்னும் மேல கேட்பாங்க. பதில் வர நேரமாகும்."

சென்னியப்பன் கதவை இழுத்துச் சாத்தினார். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கேளுங்க. சிக்னல் அந்தப் பாறை மேலதான். நான் இங்கேயே இருக்கேன்."

ஒண்டியம்மை எழுந்து உள்ளே போனாள். மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிருபாநிதியின் கையில் சொம்பைக் கொடுத்து, விளிம்பு தட்டும் வரை ஊற்றினாள்.