மேட்டில் ஏறிய ஆறு

"நம்ம ஸ்கூல்லதான்டி ஆறு மேட்டுல ஏறும்."

படித் திருப்பத்தில் நின்ற தமயந்தி டீச்சருக்கு அது கேட்டது. தொடர்ந்து சிரிப்பு.

"சத்தமா சொல்லாத பர்வீன்."

"சொன்னா என்ன? நீ இறங்குற ஆறா வரைஞ்ச. இன்ட்டு வாங்கின. பேசாம அழிச்சிட்டு ஏத்தி விடு சுகிர்தா. நாளைக்கு பிராக்டிகல் வைக்க எக்ஸ்டர்னல் வர்றாங்க. ரெக்கார்டுல கையெழுத்து இல்லன்னா உள்ளயே விடமாட்டாங்க."

பன்னிரண்டாம் வகுப்பில் புவியியல் படிப்பவர்கள் மொத்தம் ஒன்பது பேர். கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் புவியியல் அறைக்குப் போனபோது சுகிர்தா மட்டும் உட்கார்ந்திருந்தாள். கையில் ரப்பர். எதிரே அவளுடைய ரெக்கார்டு நோட்டு. சம உயரக் கோடுகள், ஒவ்வொன்றிலும் அதன் உயரத்தைச் சொல்லும் எண், கோடுகளின் குறுக்கே ஓர் ஆறு. அதன் மேல் டீச்சர் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில், 'மாதிரியைப் பார்த்துத் திருத்தி வரைக.'

"இன்னும் அழிக்கலையா?"

சுகிர்தா எழுந்து நின்றாள். "ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?"

"கேளு."

"மாதிரி நோட்டைப் பார்த்து வரைஞ்சா டிக். கோட்டுல இருக்கிற எண்ணைப் பார்த்து வரைஞ்சா இன்ட்டு. நான் எதைப் பார்க்கணும் டீச்சர்?"

டீச்சர் அலமாரியைத் திறந்தார். ஒவ்வோர் ஆண்டும் மிகச் சிறந்த ரெக்கார்டு நோட்டை மாதிரியாக அதில் வைப்பது வழக்கம். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வரைவார்கள்.

போன ஆண்டு நோட்டை எடுத்தார். ஆறு இருநூறு மீட்டர் கோட்டில் புறப்பட்டது. முந்நூறைத் தாண்டியது. நானூறு. ஐந்நூறு. அம்புமுனை அறுநூறில் இருந்தது. கீழே 'மிக நன்று'. அவர் கையெழுத்து.

டீச்சரின் விரல் அறுநூறிலேயே நின்றுவிட்டது.

அதற்கு முந்தைய நோட்டு. அதற்கும் முந்தையது. பதினான்கு நோட்டுகளிலும் ஆறு மேட்டில் ஏறியது. பதினான்கிலும் 'மிக நன்று'.

எல்லாவற்றிலும் பழையது அருள்செல்வி என்ற பெண்ணுடையது. அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்து மெலிந்திருந்தது. டீச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மையால் வரைந்த ஆற்றுக்கு அடியில், அழித்த பென்சில் கோட்டின் தடம் தெரிந்தது. அந்த அம்புமுனை இருநூறில் இருந்தது. ஓரத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"இந்த அக்காவும் சரியாத்தான் வரைஞ்சிருக்காங்க" என்றாள் சுகிர்தா.

"ஆமா."

"அப்புறம் ஏன்..."

"நான் அழிக்கச் சொன்னேன். அழிச்சிட்டா." டீச்சர் அந்தச் சிவப்புக் குறியைத் தொட்டார். "எனக்கு அது முதல் வருஷம். கையில ஒரு கைடு வச்சிருந்தேன். அவ படத்தைக் கைடு படத்தோட ஒப்பிட்டேன். எண்ணைப் படிக்கல."

"அவங்க ஒண்ணும் கேக்கலையா?"

டீச்சர் நோட்டை மூடினார். திரும்பவும் திறந்தார்.

"ஞாபகம் இல்ல."

வாசலில் பர்வீன் வந்து நின்றாள். டீச்சரையும் விரிந்து கிடந்த நோட்டுகளையும் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "டீச்சர், சத்தியமா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

"நீ சொன்னது சரி. உங்க எட்டுப் பேர் நோட்டையும் கொண்டு வா. அந்தப் பக்கத்துல என் கையெழுத்தை அடிக்கணும்."

"ஐயோ, நாளைக்கு எக்ஸ்டர்னல் டீச்சர்!"

"திருப்பி வரைஞ்சு குடுங்க. சாயங்காலத்துக்குள்ள போட்டுத் தர்றேன்."

"அடிச்சது ஏன்னு அவங்க கேட்டா?"

"என் தப்புன்னு நான் சொல்றேன்."

பர்வீன் ஓடினாள். டீச்சர் சுகிர்தாவின் நோட்டில் இருந்த பெருக்கல் குறியை அடித்தார். கையெழுத்துப் போட்டார். ஆனால் நோட்டை மூடவில்லை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பெயர் எழுதும் இடத்தில் 'தமயந்தி' என்று எழுதினார். சம உயரக் கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்தார். எண்களை எழுதினார். ஆற்றை வரைந்தார். ஓர் இடத்தில் கோடு நெளிந்தது.

தாளையும் சிவப்புப் பேனாவையும் சுகிர்தாவின் பக்கம் தள்ளினார்.

"திருத்து."

சுகிர்தா பேனாவைத் தொடவில்லை. "நீங்க வரைஞ்சா சரியாத்தான் இருக்கும் டீச்சர்."

"நானும் அந்தக் கைடை அப்படித்தான் நெனச்சேன்."

சுகிர்தா தாளின் மேல் குனிந்தாள். விரலை அறுநூறில் வைத்தாள். ஐந்நூறு, நானூறு என்று ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்தபடி இருநூறுக்கு இறங்கினாள். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தாள்.