கண்ணிவெடிக்கு அஞ்சாத வண்டிக்கு நாங்கள் பாடி கட்டியது

ஓணாங்கரட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் கடைசிப் பட்டறை எங்களுடையது. மற்றப் பட்டறைகளில் இடம் கிடைக்காத லாரிகள் எங்களிடம் வரும். எங்களிடம் ஒருமுறை வந்த லாரிகள், அடுத்த முறை எத்தனை நாளானாலும் மற்றப் பட்டறை வாசலிலேயே காத்திருக்கும்.

நாங்கள் நாலு பேர். மேஸ்திரி தீர்த்தகிரி, யோசிக்கிற வேலையெல்லாம் அவருடையது. வெல்டிங் செங்கோடன். பின்கதவு கொஞ்சமும் ஆடக்கூடாது என்று ஒரு லாரிக்காரர் சொன்னதற்காக, கதவைப் பாடியோடு சேர்த்துச் சுற்றிலும் பற்றவைத்துக் கொடுத்தவன். பெயிண்ட் வேலைக்கு ராக்கியப்பன். மரவேலையும் சீட்டு வேலையும் எனக்கு. என் பெயர் காளியண்ணன். நான் போட்டுக் கொடுத்த சீட்டில் உட்கார்ந்து லாரி ஓட்டிய டிரைவர்கள் இன்றைக்கும் ஹோட்டலில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

எங்களைத் தேடி ஒரு நாள் கர்னல் தேவசகாயம் வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் கண்ணிவெடியில் தன் ஆட்களைப் பறிகொடுத்தவர். அதிகச் செலவில்லாமல், வெடிக்குத் தாங்குகிற வண்டி ஒன்றைச் செய்து மேலிடத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். எங்கள் போர்டில் 'எல்லாவித வண்டிகளுக்கும் பாடி கட்டித் தரப்படும்' என்று ராக்கியப்பன் எழுதியிருந்ததை அப்படியே நம்பிவிட்டார். எழுதியிருந்ததை எழுதியபடியே எடுத்துக்கொண்ட குற்றம் முதலில் அவருடையதுதான். நாங்கள் பிறகுதான் வருகிறோம்.

கர்னல் தரையில் கோடு போட்டு விளக்கினார். கண்ணிவெடியை மண்ணுக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். மேலே சக்கரம் ஏறினால் வெடிக்கும். வண்டியின் அடி தட்டையாக இருந்தால் அத்தனை வேகமும் உள்ளே இருப்பவர்கள்மேல் பாயும். அதனால் அடிவயிறு படகுபோல நடுவில் கூராகச் சரிந்து இருக்க வேண்டும். அப்போது வெடியின் வேகம் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடிவிடும்.

தீர்த்தகிரி நெடுநேரம் யோசித்துவிட்டு, வெடி இருக்கிற இடத்தை விட்டுச் சுற்றிப் போனால் ஆகாதா என்று கேட்டார். கர்னல் கண்ணை மூடித் திறந்து, அது எங்கே இருக்கிறதென்று தெரியாது என்றார்.

"புதைச்சவனைக் கேட்டாச் சொல்ல மாட்டானுங்களா?" என்றான் செங்கோடன்.

கர்னல் மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை திறக்கக் கொஞ்சம் நேரமானது.

பிறகு மற்ற விவரங்களைச் சொன்னார். சீட்டு எதுவும் தரையைத் தொடக்கூடாது, கூரையிலிருந்து தொங்க வேண்டும். உட்கார்ந்திருப்பவன் காலும் தரையில் படக்கூடாது. முன்பக்கக் கண்ணாடியைக் குண்டு துளைக்கக்கூடாது. பின்னால் ஒரே ஒரு கதவு. கிளம்பும்போது எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார்: "வண்டி போனாப் போகட்டும். ஆள் இருக்கணும். எனக்கு அது ஒண்ணுதான் முக்கியம்."

அதை நாங்கள் மனதில் பதிய வைத்துக்கொண்டோம். ஒரு விஷயம் எங்கள் மனதில் பதிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது.

அடிவயிற்றை முதலில் செய்தோம். கனத்த இரும்புத் தகடுகளைக் கூராகச் சேர்த்துச் செங்கோடன் பற்றவைத்தான். நன்றாகத்தான் வந்தது. ஆனால் கீழே கூராக இருக்கிற பொருள் தரையில் நிற்காது என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மறுபக்கம் செங்கோடனை உட்கார வைத்தோம். அந்தப் பக்கம் சாய்ந்தது. முதல் பக்கத்தில் என்னை உட்கார வைத்ததும் நேராக நின்றது. அதன்பிறகு வேலை முடியும்வரை நாங்கள் இருவரும் ஜோடியாகவே ஏறி, ஜோடியாகவே இறங்க வேண்டியதாயிற்று. அவன் டீ குடித்தால் நானும் குடிக்க வேண்டும். அவன் வீட்டுக்கு விருந்தாளி வந்து அவன் அரை நாள் லீவு போட்டபோது, நானும் லீவு போட்டுவிட்டு அந்த விருந்தாளியைப் பார்க்கப் போனேன்.

அடுத்தது சீட்டு. கூரையிலிருந்து தொங்குவது, தரையைத் தொடாதது, காலும் கீழே படாதது. அந்த மாதிரிப் பொருள் எங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தது. நல்ல கெட்டியான தார்ப்பாயில் நாலு தூளி கட்டினேன். கட்டிய அன்றைக்கு மத்தியானம் நாலு பேரும் ஏறிச் சோதித்துப் பார்த்தோம். சாயங்காலம் பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து எழுப்பும்வரை ஒருவர் காலும் தரையில் படவில்லை.

கண்ணாடி விஷயத்தில்தான் விவாதம் வளர்ந்தது. எந்தக் கண்ணாடியானாலும் குண்டு பட்டால் உடையும் என்று செங்கோடன் சொன்னான். உடையாத கண்ணாடி என்றால் அது இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்றேன் நான். தீர்த்தகிரி இரண்டையும் கேட்டுவிட்டு, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இரும்புத் தகட்டை வைக்கச் சொன்னார். டிரைவருக்கு ரோடு தெரிய வேண்டுமே என்று கேட்டபோது ராக்கியப்பன் முன்வந்தான். தகட்டின் உள்பக்கத்தில் அருமையான ரோடு ஒன்றை வரைந்தான். நேரான தார் ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம், தூரத்தில் மலை. அவ்வளவு நல்ல ரோடு எங்கள் ஜில்லாவிலேயே கிடையாது. பார்க்கும்போதே ஓட்டத் தோன்றியது.

பாடியை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ்மேல் ஏற்றி முடுக்கியதும் தீர்த்தகிரியே ஓட்டிப் பார்த்தார். டிரைவர் தூளியில் உட்கார்ந்து, ராக்கியப்பனின் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். வண்டி பட்டறையை விட்டு வெளியே போனது. படத்திலிருந்த புளியமரம் அப்படியே இருந்தது. மலையும் நெருங்கவில்லை. வண்டி இன்னும் நகரவே இல்லை என்று முடிவுகட்டிய தீர்த்தகிரி, என்ன கோளாறு என்று பார்ப்பதற்காகத் தூளியை விட்டு எழுந்து, பின்கதவு வழியாக இறங்கினார்.

வண்டி எதிரில் இருந்த மாரப்பன் கரும்புக்காட்டுக்குள் போய் நின்றது. தீர்த்தகிரி ரோட்டோரம் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கர்னல் சொன்னபடியே வண்டி போய்விட்டது, ஆள் இருக்கிறார்.

கர்னலுக்கு வண்டி தயார் என்று சொல்லி அனுப்பினோம். ஓட்டிப் பார்க்க வேண்டாம், பட்டறைக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரியில் வைத்து வெடியைச் சோதித்துவிடலாம் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. அதற்கான அனுமதியெல்லாம் வாங்கிவிட்டாராம். முன்சக்கரத்துக்கு ஒன்று, நடுவயிற்றுக்கு ஒன்று என்று இரண்டு வெடி. தூரத்திலிருந்து டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை இழுப்பார்கள். உள்ளே ஆள் இருக்கக்கூடாது; ஆளுக்குப் பதிலாகப் பொம்மைகளை நாங்களே செய்து வைக்க வேண்டும். ஆள் எடை இருக்க வேண்டும், கை கால் ஆளைப்போலவே மடங்க வேண்டும், எலும்பும் ஆளுக்கு இருப்பதுபோல இருந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருந்தார்.

செங்கோடன் இரும்புக் குழாயில் ஒன்று செய்தான். அது மடங்கவில்லை. நான் மரத்தில் ஒன்று செய்தேன். அது மடங்கியது, நிமிரவில்லை. சோதனைக்கு முதல் நாள் நாலு பேரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம்.

"ஆளு எடை, ஆளு கை, ஆளு காலு, ஆளு எலும்பு," என்று தீர்த்தகிரி மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "எல்லாம் நம்மகிட்டயே இருக்குதேடா. இதுக்குப்போயி ஏன் செய்யோணும்?"

எங்கள் பட்டறையில் வேலை இவ்வளவு சுலபமாக முடிந்தது அதுதான் முதல் தடவை. தீர்த்தகிரி, செங்கோடன், நான் மூவரும் பொம்மை. ராக்கியப்பன் வெளியே நின்று கர்னலுக்குப் பதில் சொல்ல வேண்டும். பொய் மட்டும் சொல்லக்கூடாது என்று தீர்த்தகிரி அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் கர்னல் குவாரிக்கு வந்து, மற்றவர்கள் எங்கே என்று கேட்டார். உள்ளே இருக்கிறார்கள் என்றான் ராக்கியப்பன். பட்டறைக்குள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அடிவயிற்றைக் குனிந்து தடவிப் பார்த்து, பலே என்றார். பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் உள்ளே ஒரே இருட்டு. தூளிகளைப் பார்த்ததும் ஏதோ முனகினார். பிறகு என் பக்கம் குனிந்து, முகத்துக்கு நேராக உற்றுப் பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"பரவாயில்லையே," என்றார் ராக்கியப்பனிடம். "முகத்தை மட்டும் கொஞ்சம் புத்தி இருக்கிற மாதிரிப் பண்ணியிருக்கலாம்."

ராக்கியப்பன், அது பிறவியிலேயே அப்படித்தான் என்று உண்மையைச் சொன்னான்.

கதவு மூடியது. டிராக்டர் சத்தம் கேட்டது. வண்டி நகர ஆரம்பித்தபோதுதான் எனக்கு முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்தது. செங்கோடனிடம் தாழ்ந்த குரலில், வெடி நிஜ வெடியா என்று கேட்டேன். பொம்மை பேசக்கூடாது என்றான் அவன்.  இருட்டில் தீர்த்தகிரி கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.  என் பெண்டாட்டி காலையில் கேட்டதற்கு, வேலை ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

அப்புறம் வெடித்தது. சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. வண்டி முன்பக்கம் எகிறிக் கீழே விழுந்தது. நாங்கள் இருந்த தூளிகள் மூன்றும் கூரையைத் தொட்டுத் திரும்பின. மூவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டோம். பிறகு ஆட்டம் குறைந்தது. கையைத் தடவிப் பார்த்தேன், இருந்தது. காலும் இருந்தது. சக்கரம் ஒன்று கழன்று குவாரிச் சரிவில் உருண்டுபோனதாகப் பிறகு தெரிந்தது. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த வண்டியை நாங்கள் கட்டியிருந்தோம், அது வேலையும் செய்தது. அதை நம்பத்தான் எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கர்னல் ஓடிவந்து கதவைத் திறந்தார். என் கையைத் தூக்கி விட்டார். நான் அதை விழவிட்டேன். சூடுகூட ஆளின் சூடாகவே இருக்கிறது என்று வியந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வெளியே சேதம் இல்லாவிட்டாலும் உள்காயம் தெரிய வேண்டும், டிரைவர் பொம்மையை எடுத்துப்போய் அறுத்துப் பார்க்கப் போகிறேன் என்று ராக்கியப்பனிடம் சொல்லிவிட்டு, ஜீப்பைக் கொண்டுவரச் சொல்ல நகர்ந்தார்.

 இப்போது வாயைத் திறந்துவிடலாமா என்று நான் கேட்டேன். பொம்மை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு மாற்றிப் பேசினால் பட்டறைப் பெயர் கெட்டுவிடும் என்றான் செங்கோடன். டிரைவர் தூளியில் இருந்த தீர்த்தகிரிக்கு அறுப்பதில்கூட அவ்வளவு கவலை இல்லை.

"தலையைத் தொறந்து பாப்பாரா?" என்று கேட்டார்.

"பாப்பாருங்கண்ணா," என்றேன் நான்.

"உள்ள ஒண்ணும் இல்லீன்னா, பொம்மையை அரைகுறையாச் செஞ்சுட்டோம்னு சொல்லீருவாரேடா."

வெளியே ராக்கியப்பன், அறுப்பதற்கு மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கர்னலிடம் சொல்வது கேட்டது. கேட்டு வா என்றார் கர்னல். அவன் நேராகப் பின்கதவுக்கு வந்து, "அண்ணா, உங்களை அறுக்கலாமான்னு கேக்கறாருங்க," என்றான். தீர்த்தகிரி பொம்மை, பேசவில்லை. ராக்கியப்பன் திரும்பி, அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று தகவல் சொன்னான்.

கர்னல் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெதுவாக வந்தார். தீர்த்தகிரி முகத்தில் வெளிச்சம் அடித்தார். தீர்த்தகிரி கண்ணைச் சிமிட்டாமல் இருக்க முயன்றதில் கண்ணீர் ஒழுகியது. செங்கோடன் முகத்தில் அடித்தார். என் முகத்தில் அடித்தார். டார்ச் கீழே விழுந்தது. பின்னாலேயே கர்னலும் விழுந்தார்.

நாங்கள் தூளியிலிருந்து இறங்கி அவரைச் சுற்றி நின்றோம். அசைவில்லை. பேச்சில்லை. கை கால் நன்றாக மடங்கின.

"நம்மளை வுட நல்லாப் பண்றாரு," என்றான் செங்கோடன் மரியாதையோடு.

தீர்த்தகிரிக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டாவது வெடி இன்னும் பாக்கி இருக்கிறது. நாங்கள் கட்டிய வண்டிமேல் அவ்வளவு நம்பிக்கை வந்து, இந்த முறை தானே உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறார். எங்களை யாரும் அந்த அளவுக்கு மதித்ததில்லை. நெஞ்சு நிறைந்துபோனது. அவரை அலுங்காமல் தூக்கி, இருப்பதிலேயே நல்ல தூளியில் வைத்து, அவர் இடுப்பில் ஒரு பெல்ட்டையும் போட்டு இறுக்கினேன். டிராக்டருக்குக் கையசைத்தோம். மூன்று சக்கரத்தில் வண்டி உராய்ந்துகொண்டு நகர்ந்தபோது கர்னல் கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறேன் என்று பார்த்து, கத்த ஆரம்பித்தார்.

"ஏனுங்க, பொம்மை பேசப்படாதுங்க," என்று தீர்த்தகிரி பணிவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

நடுவயிற்று வெடியையும் வண்டி தாங்கியது. கர்னல் தானாகவே இறங்கி நடந்து வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தட்டிக் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வெடிக்குத் தாங்குற வண்டி கிடைச்சாச்சு," என்றார். "இனிமே உங்க நாலு பேர்கிட்ட இருந்து காப்பாத்துற மாதிரி ஒரு வண்டி கட்டணும்."

வண்டியை அவர் எடுத்துப்போய்விட்டார். மேலிடத்தில் பாராட்டினார்களாம். எங்களுக்கு அதைக் கொண்டாட நேரமில்லை; அவர் சொல்லிவிட்டுப் போன அடுத்த வண்டி இருந்தது. அந்த வண்டிப் பக்கம் நாங்கள் நாலு பேரும் நெருங்கவே முடியாதபடி வேலை நடக்க வேண்டும் என்று தீர்த்தகிரி யோசித்துச் சொன்னார். அதனால் பட்டறையைப் பூட்டி, பூட்டின்மேல் செங்கோடன் நன்றாக வெல்டிங் வைத்துவிட்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் நாங்கள் நாலு பேரும் வந்து கதவைத் தள்ளிப் பார்க்கிறோம். உள்ளே போக முடியவில்லை. வேலை பாதி முடிந்த மாதிரிதான் என்கிறார் தீர்த்தகிரி.