மூன்றாவது பாட்டில்

"ஆறு விசில் விட்டேம்மா. கறி பஞ்சா வெந்துடுச்சு. ஆனா வேப்பிலையைக் கரைச்ச மாதிரி கசக்குது" என்றார் சவரிமுத்து.

பிலோமினா கேரட் நறுக்குவதை நிறுத்தினாள்.

"ஐரிஷ் ஸ்ட்யூவைக் குக்கர்லயா வச்சீங்க?"

"ஆமா."

"ஸ்டவுட்டையும் குக்கர்லயே ஊத்தினீங்களா?"

"ஒரு பாட்டில், முழுசா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கறுப்பு பீர் நுரைத்துக்கொண்டு விசில் வழியாகக் கூரை வரை பீய்ச்சியடித்ததை அவர் சொல்லவில்லை. சட்டைக் காலரில் கறை இருந்தது.

சவரிமுத்து குன்னூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிலோமினா அவரிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவள். படித்தவள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லலாம். இப்போது ஓர் எஸ்டேட் விடுதியில் தலைமைச் சமையல்காரி. அவள் வைக்கும் மாட்டுக்கறி ஸ்ட்யூவுக்காகவே கோயம்புத்தூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது சவரிமுத்துவின் மனைவி நோரா.

நோரா அயர்லாந்துக்காரி. மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தவள், இந்த வாத்தியாரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். முப்பத்தாறு வருஷத்தில் அவள் தமிழில் நன்றாகத் தேறியது திட்டுவதில்தான். கோபம் வந்தால் புருஷனை "ஹெட்மாஸ்டர்!" என்றுதான் கூப்பிடுவாள். தெருமுனைக் கடைக்காரர் வரைக்கும் கேட்கும்.

அந்தக் குரல் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது.

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோரா நடக்கவில்லை. புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய் வருவதோடு சரி. வாக்கர் மூலையில் கிடந்தது. அதன்மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாடு வேளைக்கு இரண்டு ஸ்பூன்.

பார்க்க வந்த மகன், அம்மா ஊர்ச் சரக்கு என்று மூன்று பாட்டில் ஸ்டவுட்டை வைத்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பிப் போனான். அதைப் பார்த்துத்தான், அடுப்படியில் தண்ணீர் குடிக்க மட்டுமே நுழைந்து பழகிய சவரிமுத்து துணிச்சலாக இறங்கினார்.

"சாப்பிட்டுட்டு அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் பிலோமினா.

"நல்லா இருக்குன்னா."

"அந்தக் கசப்பையா?"

"'நல்லா இருக்குங்க'ன்னு சொல்லிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா." அவர் காலர்க் கறையைத் தேய்த்தார். "திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேம்மா."

பிலோமினா மறுபடி கத்தியை எடுத்தாள்.

"நாளைக்கு ரெண்டாவது பாட்டிலோட வாங்க சார்."

*

மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஓரத்தில் கோடு போட்டு, தேதி எழுதி, தயாராக உட்கார்ந்தார்.

"மாவு எத்தனை கிராம்?"

"கறி மேல பூசுற அளவு."

"அது எத்தனை கிராம்னுதான் கேக்கறேன்."

"நோட்டை மூடுங்க சார்."

நாற்பது வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. மூடினார்.

கறித் துண்டுகளை மாவில் புரட்டிச் சிவக்க வறுக்கச் சொன்னாள். வெங்காயத்தை வதக்கச் சொன்னாள். ஸ்டவுட்டை ஊற்றியதும் சட்டி சீறியது. கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு, தீயைக் குறைத்து மூடினாள்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"உக்காரணும்."

"எவ்வளவு நேரம்?"

"கசப்பு போற வரைக்கும்."

பத்து நிமிஷம் பொறுத்தார். பிறகு மெல்ல மூடியைத் திறக்கப் போனார். கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் ஒரு தட்டு விழுந்தது. எட்டாம் வகுப்பில் அவர் ஸ்கேலால் தட்டும் அதே இடம். இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"நடுநடுவே நானே கிளறிக்கறேன் சார். மாவு சேர்ந்தது, விட்டா அடி பிடிக்கும். அடுப்பை விட்டு நகரவே கூடாது. அம்மாகிட்ட கத்துக்கிட்டப்ப ஒருநாள் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல நான் நகர்ந்துட்டேன். தீஞ்ச வாடை வந்ததும் அம்மா வார்டுல இருந்து ஓடி வந்தாங்க, கையில ஊசியோட. எனக்குத்தான் போடப் போறாங்கன்னு நெனச்சேன்."

மூன்று மணி நேரம் கழித்து ஒரு சொட்டு உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்த்தார். கசப்பு எங்கேயோ போயிருந்தது.

தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரி நெஞ்சோடு அணைத்து வீட்டுக்கு நடந்தார்.

*

மறுநாள் காலை விடுதியின் பின்கதவில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் பிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எத்தனை ஸ்பூன் சார்?"

"ரெண்டு."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ சொன்ன மாதிரிதானேம்மா எல்லாம் செஞ்சேன். நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"ஒரு தப்பும் பண்ணல. அதான் சார்."

அவருக்குப் புரியவில்லை. வகுப்பில் இப்படி முழித்த பிள்ளைகளை எத்தனை முறை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னொரு பாட்டில் இருக்குல்ல?"

"அதான் கடைசி."

"இன்னைக்கு உங்க வீட்லயே வைங்க. எல்லாம் அதே மாதிரி. மாவு மட்டும் ரெண்டு கை கூடப் போடுங்க. நல்லா கொதி வந்ததும் கரண்டியை எடுத்துக்கிட்டுப் பின்வாசல்ல போய் உக்காந்துக்குங்க."

"அடி பிடிக்குமே!"

"கூப்பிடற வரைக்கும் உள்ள வராதீங்க."

"யாரும்மா கூப்பிடுவா? வீட்ல நானும் அவளும்தானே?"

பிலோமினா உருளைக்கிழங்குத் தோலைச் சீவத் தொடங்கியிருந்தாள்.

*

பின்வாசல் படி ஜில்லென்று இருந்தது. மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. சவரிமுத்து கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் நல்ல வாசனை வந்தது. கறி, வெங்காயம், அந்தக் கறுப்பு பீர்.

பிறகு லேசாக மாறியது.

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கடைசி பாட்டில். கணக்கில் பாஸாகாத ஒருத்தி பேச்சைக் கேட்டு இதையும் கருக்கிக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அதற்கு மேல் வந்தது பயம். இதற்கும் நோரா நல்லா இருக்குங்க என்று சொல்லிவிட்டால்?

தீய்ந்த நெடி மூக்கில் ஏறியது. கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டார்.

உள்ளே எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம்.

கை அப்படியே நின்றது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

டொக்.

டொக். டொக்.

நீள நடைக்கூடத்தின் மரத்தரையில் வாக்கர் வந்துகொண்டிருந்தது. அறைவாசல். சாப்பாட்டு மேஜை. சமையலறைப் படியருகே நின்று, இருமி, மறுபடியும் நகர்ந்தது. சட்டி மூடி தடாலென்று கீழே விழுந்தது.

"ஹெட்மாஸ்டர்!"

எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"அடுப்புல வச்சுட்டு எங்க போய்த் தொலைஞ்சீங்க? இது ஸ்ட்யூவா, தாரா? ரோடு போடப் போறீங்களா? எங்கம்மா இதப் பார்த்தா செத்துருவாங்க! ஏற்கெனவே செத்துட்டாங்க, எழுந்து வந்து மறுபடியும் சாவாங்க!"

சவரிமுத்து கதவைத் திறந்தார். ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கலைந்த நரைமுடியும் சிவந்த முகமுமாக, நோரா அடுப்படியில் நின்றிருந்தாள். மறு கை மேடை முழுக்கத் துழாவிக்கொண்டிருந்தது.

"பார்த்துட்டு நிக்கறீங்க! மேலாப்புல இருக்கறதையாவது எடுக்கணும். கரண்டி எங்க? கரண்டிய எங்க வச்சீங்க?"

அவர் கரண்டியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அங்கதான் இருக்கும் நோரா" என்றார். "நல்லாத் தேடு."